கழிப்பறை எதிரொலியில் பிறந்த பாட்டு

1979-இல் அமெரிக்க வானொலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் ‘மை ஷரோனா’தான். லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ‘த நாக்’ என்ற புதுக்குழு பாடியது. ஒரு பெண்மேல் கொண்ட மோகத்தில் மூச்சு முட்ட, திக்கித் திக்கிப் பாடும் அந்தப் பாட்டு பில்போர்டு பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில், கால் பாலி பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லூரி வானொலி நிலையமான கே.சி.பி.ஆரில் அவர் பாட்டுப் போடும் அறிவிப்பாளர். ஒருநாள் தன் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு, நிலையத்துக்கு எதிரே இருந்த கழிப்பறைக்குள் போனார். சுவர் ஓடுகளில் மோதித் திரும்பும் குரலுக்கு ஒரு கனம் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அங்கே பதிவானது ‘மை பலோனா’. பலோனா என்பது ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்துத் தின்னும் மலிவான இறைச்சி. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியில் வழக்கமாக இருப்பது. ஷரோனாவுக்காக உருகிய அதே மெட்டு, அதே திக்கல், அதே ஏக்கம், இப்போது ஒரு துண்டு இறைச்சிக்காக. பாடியவர் ஆல்ஃப்ரெட் யாங்கோவிக். விடுதித் தோழர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘வியர்ட் ஆல்’, அதாவது விசித்திரமான ஆல். அதையே வானொலிப் பெயராகவும் வைத்துக்கொண்டார்.

அந்தப் பதிவை இன்று கேட்கும்போதும் என்னை அசத்துவது அதிலுள்ள சிரத்தை. கேலிப் பாட்டு பாடும் பலர் செய்கிற ஒன்றை அவர் செய்யவில்லை. “பாருங்கள், நான் வேடிக்கை செய்கிறேன்” என்று குரலில் கண்சிமிட்டவில்லை. அந்த இறைச்சித் துண்டு கிடைக்காவிட்டால் உயிரே போய்விடும் என்பதுபோல் பாடுகிறார். கேட்பவர் சிரிப்பது அதனால்தான். பாட்டின் உணர்ச்சி முழுதாக அப்படியே நிற்கிறது, அது போய்ச் சேரும் இடம் மட்டும் மாறிவிட்டது. பிறகு வந்த நாற்பது ஆண்டு வேலைக்கும் இந்த ஒன்றுதான் அடித்தளம் என்பது என் எண்ணம்.

ஒரு ராக் பாட்டுக்கு எதற்கு அக்கார்டியன்? அதற்கு 1966-க்குப் போக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய லின்வுட் என்ற ஊரில் வீடு வீடாகப் போய் இசை வகுப்புக்கு ஆள் சேர்க்கும் ஒரு விற்பனையாளர் யாங்கோவிக் வீட்டுக் கதவைத் தட்டினார். கிதார் கற்றுத்தரவா, அக்கார்டியன் கற்றுத்தரவா என்று கேட்டார். தகப்பனார் நிக், தாயார் மேரி. இருவரும் அக்கார்டியன் என்றார்கள். அந்நாளில் போல்கா இசையின் மன்னர் என்று பெயரெடுத்திருந்த அக்கார்டியன் கலைஞர் ஃபிராங்கி யாங்கோவிக். சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை, குடும்பப் பெயர் மட்டும் ஒன்று. உலகத்தில் இன்னொரு அக்கார்டியன் யாங்கோவிக் இருந்தால் நல்லதுதானே என்று பெற்றோருக்குத் தோன்றியிருக்கிறது. ஏழாவது பிறந்தநாளுக்கு முந்திய நாள் சிறுவன் ஆல் தன் முதல் பாடத்துக்குப் போனான்.

அக்கார்டியன் நம் ஹார்மோனியத்தின் உறவுக்காரக் கருவி. இரண்டிலும் துருத்தி காற்றைத் தள்ள, உள்ளே இருக்கும் சிறு உலோக நாக்குகள் அதிர்ந்து ஒலி எழும்புகிறது. அக்கார்டியனை மார்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். வலது கைக்குப் பியானோபோலக் கட்டைகள், இடது கைக்குப் பித்தான்கள். அந்தப் பித்தான்களில் ஒன்றை அழுத்தினால் அடிச்சுரம், இன்னொன்றை அழுத்தினால் மூன்று சுரம் சேர்ந்த ஒரு முழுக் கார்டு. ஆக, ஒருவரே மெட்டும் வாசிக்கலாம், பின்னணியும் வாசிக்கலாம், துருத்தியை வெடுக்கென்று இழுத்துத் தாளமும் கொடுக்கலாம். தனியாக உட்கார்ந்து பாட்டுக்கட்டும் ஒரு பையனுக்கு இதைவிடத் தோதான கருவி இல்லை.

ஆனால் காலம் அதற்கு எதிராக இருந்தது. ராக் வந்த பிறகு அமெரிக்க இளைஞர்களுக்கு அக்கார்டியன் என்றால் தாத்தா பாட்டி காலத்துக் கல்யாண வீட்டுச் சங்கதி. கையில் கிதார் இருந்தால் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அக்கார்டியன் இருந்தால் பையன்கள் சிரிப்பார்கள். மூன்று வருடம் வகுப்புக்குப் போன ஆல் அதன்பின் தானாகவே கற்றுக்கொண்டான். எல்ட்டன் ஜானின் ‘குட்பை யெல்லோ பிரிக் ரோட்’ இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, கூடவே அக்கார்டியனில் வாசித்துப் பழகினான். அக்கார்டியனைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிதார் வாங்கவில்லை. தனக்குப் பிடித்த ராக் இசையைத் தன் கையில் இருந்த கருவியில் வாசித்தான். பிற்காலத்தில் மேடையில் அந்த அக்கார்டியனைக் கண்டு சிரித்தவர்களுக்கு அது நகைச்சுவைக்காக மாட்டிக்கொண்ட வேஷமாகத் தெரிந்திருக்கலாம். அவருக்கு அது ஏழு வயதிலிருந்து வாசித்த வாத்தியம்.

மீதி வகுப்பை வானொலி எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் டாக்டர் டிமென்டோ என்ற பெயரில் பேரெட் ஹான்சன் நடத்திய நிகழ்ச்சி அது. இசையியல் படித்தவர், பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். மற்ற நிலையங்கள் ஒதுக்கிய வேடிக்கைப் பாட்டுகளை அவர் மதிப்போடு எடுத்துப் போட்டார். பானை, மணி, துப்பாக்கி எல்லாவற்றையும் வாத்தியமாக்கிய ஸ்பைக் ஜோன்ஸ், கணிதம் கற்பித்துக்கொண்டே அரசியலைக் கிண்டலடித்த டாம் லேரர், நாட்டார் மெட்டுகளில் யூதக் குடும்ப வாழ்க்கையைப் பாடிய ஆலன் ஷெர்மன், ஸ்டான் ஃப்ரீபர்க். இவர்கள் எல்லோரும் லின்வுட்டில் ஒரு பையனின் படுக்கையறைக்குள் அந்த நிகழ்ச்சி வழியாகத்தான் வந்தார்கள். சிரிப்புப் பாட்டுக்கும் ஒரு பரம்பரை உண்டு என்று அவனுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

1976-இல், பதினாறு வயதில், வீட்டு அறையில் ஒரு சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவு செய்த கேசட்டை டாக்டர் டிமென்டோவிடம் கொடுத்தார் ஆல். அதில் இருந்த ஒரு பாட்டு, குடும்பத்தின் பிளிமத் பெல்வெடீர் காரைப் பற்றியது. ஹான்சன் அதை ஒலிபரப்பினார். அந்த ஊக்கம் கல்லூரி வரைக்கும் தாங்கியது.

‘மை பலோனா’வும் அந்த நிகழ்ச்சிக்குத்தான் போனது. நேயர்கள் கேட்டுக் கேட்டுப் போடச் சொன்னார்கள். அடுத்து நடந்ததை எந்தக் கதாசிரியரும் எழுதத் தயங்குவார். ‘த நாக்’ குழுவே கால் பாலியில் கச்சேரி செய்ய வந்தது. ஆல் போய்த் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். பாடகர் டக் ஃபீகர் கோபப்படவில்லை. பாட்டு பிடித்திருந்தது. கூட இருந்த கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தின் துணைத்தலைவரிடம், “இதை நீங்கள் வெளியிட வேண்டும்” என்ற பொருளில் சொன்னார். கழிப்பறையில் பதிவான அந்தப் பாட்டு, 1979 டிசம்பரில், பீட்டில்ஸின் இசைத்தட்டுகளை அமெரிக்காவில் விற்ற அதே நிறுவனத்தின் முத்திரையோடு வெளிவந்தது. ஆலுக்குக் கிடைத்தது 500 டாலரும் ஆறு மாத ஒப்பந்தமும். நிறுவனம் அதற்குமேல் பெரிதாக அக்கறை காட்டவில்லை.

இந்த இடத்தில் காசைவிடப் பெரிய ஒன்று நடந்ததாக நினைக்கிறேன். பகடி செய்யப்பட்டவரே பகடி செய்தவரின் கையைப் பிடித்துக் கதவைத் திறந்துவிட்டார். அது ஆலின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பிறகெல்லாம் அவர் முதலில் பாட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு நின்றார்.

1980 செப்டம்பர் 14, ஞாயிறு இரவு. இந்த முறை டாக்டர் டிமென்டோவின் நிகழ்ச்சியில் நேரடியாக. குயின் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ அப்போது பட்டியலில் மேலேறிக்கொண்டிருந்தது. ஜான் டீக்கன் எழுதிய பாட்டு. அடிச்சுரம் ஒன்று காலடிபோல முன்னே நடந்து வர, ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்தப்படும் மிரட்டல் தொனி. ஆலுக்கு அந்த நடை கூட்டம் பிதுங்கும் ஒரு நகரப் பேருந்தாகக் கேட்டது. ஒவ்வொருவராக விழுவதற்குப் பதில் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். பாட்டின் பெயர் ‘அனதர் ஒன் ரைட்ஸ் த பஸ்’. மூலப் பாட்டின் அச்சம் இங்கே மூச்சுத்திணறலாக வேலை செய்கிறது. குயின் பாட்டில் அந்த அடிச்சுரம் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறதோ அவ்வளவு நெரிசல் இந்தப் பேருந்தில்.

நிலையத்தில் அன்று இருந்தவர்களில் ஜான் ஷ்வார்ட்ஸ் என்ற இளைஞரும் ஒருவர். அன்றுதான் ஆலைச் சந்தித்தார். தனக்கு டிரம்ஸ் வாசிக்கத் தெரியும் என்றார். டிரம்ஸ் அங்கே இல்லை. அக்கார்டியன் வைத்துத் தூக்கிவந்த பெட்டி இருந்தது. “இதைத் தட்டு” என்று கொடுத்தாயிற்று. இன்னொருவர் உள்ளங்கைகளைப் பிசைந்து பொருத்தமான இடங்களில் அபான வாயு ஒலி எழுப்பினார். ஒரு அக்கார்டியன், ஒரு பெட்டி, ஒரு ஜோடிக் கை, உச்சத்தில் கீச்சிட்டுக் கத்தும் ஒரு குரல். பெரிய ஒத்திகை எதுவும் இல்லை. ஒரே மூச்சில் முடிந்தது. பதிவை இன்று கேட்டால் பாட்டு ஓடுகிற ஓட்டத்தில் அறை முழுவதும் துள்ளுவது தெரியும். ஷ்வார்ட்ஸ் அந்தப் பெட்டியை ஒரு கடைசி வாய்ப்புபோலப் போட்டு அடிக்கிறார்.

‘பிறந்த கதை’ என்று ஒரு தேதியைக் குறிக்கச் சொன்னால் நான் இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் குறிப்பேன். கழிப்பறையில் இருந்தவர் தனி ஆள். இங்கே கூட்டு தொடங்கியது. அன்று பெட்டியைத் தட்டிய ஷ்வார்ட்ஸ்தான் பிறகு எல்லா ஆண்டுகளிலும் ஆலின் டிரம்ஸ் கலைஞர். 1982-இல் கிதாருக்கு ஜிம் வெஸ்ட், பேஸ் கிதாருக்கு ஸ்டீவ் ஜே வந்து சேர்ந்தார்கள். அவர்களும் போகவில்லை. உலகப் புகழ்பெற்ற ராக் குழுக்கள் பணத்துக்கும் பேருக்கும் அடித்துக்கொண்டு சிதறிய அதே பதிற்றாண்டுகளில் இவர்கள் சேர்ந்தே இருந்தார்கள்.

ஆனால் உடனே ஒன்றும் விடியவில்லை. டாக்டர் டிமென்டோவிடம் கடன் வாங்கி, நான்கு பாட்டுகள் அடங்கிய இசைத்தட்டு ஆயிரம் பிரதி அச்சிட்டார் ஆல். கட்டடக்கலைப் பட்டம் கையில் இருந்தது. வேலையோ ஒரு வானொலி நிறுவனத்தின் தபால் அறையில். 1981 ஏப்ரலில் டாம் ஸ்னைடரின் இரவு நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அக்கார்டியனும் பெட்டியுமாக இருவரும் தோன்றினார்கள். குழு சேர்ந்ததும் சாண்டா மோனிகாவில் ஒரு நியூவேவ் குழுவுக்கு முன்னால் வாசிக்கப் போனபோது, கூட்டம் கையில் கிடைத்ததையெல்லாம் அவர்கள்மேல் வீசியது.

1984-இல் ‘ஈட் இட்’ வந்தது. மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’, தெருச் சண்டைக்குப் போகாதே, விலகிப் போ என்று சொல்லும் பாட்டு. அதன் வீடியோவில் இரண்டு கும்பல்கள் கத்தியோடு மோதுகின்றன. ஆலின் பாட்டில் அந்த அவசரமெல்லாம் தட்டில் இருப்பதைச் சாப்பிடாமல் அடம்பிடிக்கும் பிள்ளைக்காக. வீடியோவில் காட்சிக்குக் காட்சி அதே தெரு, அதே நடனம். பில்போர்டு பட்டியலில் 12-ஆம் இடம், ஆஸ்திரேலியாவில் முதலிடம், 1985-இல் கிராமி விருது. அமெரிக்காவின் மிகப் பெரிய நட்சத்திரம் சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்ததுதான் மற்றவர்களிடம் ஆலுக்குச் சிபாரிசுக் கடிதமாக அமைந்தது. ‘ஈட் இட்’ வந்து நான்கு ஆண்டு கழித்து ‘பேட்’ பாட்டை ‘ஃபேட்’ ஆக்கியபோது, ஜாக்சன் தன் தரப்புப் படப்பிடிப்புக்காகப் போட்ட சுரங்க ரயில் நிலையத்தையே பயன்படுத்திக்கொள்ளவும் விட்டார்.

அனுமதி கேட்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டத்தில் பகடிக்கு இடம் உண்டு. ‘2 லைவ் க்ரூ’ என்ற ராப் குழு ‘ஓ, ப்ரிட்டி உமன்’ பாட்டைப் பகடி செய்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் வணிக நோக்கில் செய்த பகடியும் நியாயமான பயன்பாடாக அமையலாம் என்று தீர்ப்புச் சொன்னது. கேட்காமலே ஆல் பல பாட்டுகளை வெளியிட்டிருக்க முடியும். அவர் கேட்டார். மறுத்தால் விட்டுவிட்டார். பிரின்ஸ் ஒவ்வொரு முறையும் மறுத்தார். பால் மெக்கார்ட்னியின் ‘லிவ் அண்ட் லெட் டை’ பாட்டைக் கோழிக்கறிப் பலகாரத்தைப் பற்றியதாக மாற்ற நினைத்தபோது, சைவ உணவுக்காரரான மெக்கார்ட்னி வேண்டாம் என்றார். தானும் சைவ உணவுக்காரரான ஆல் அந்தக் காரணத்தை மதித்தார். ஜாக்சனே ‘பிளாக் ஆர் ஒயிட்’ பாட்டுக்கு மட்டும் இசையவில்லை. அந்தப் பாட்டு சொல்லும் செய்தியைத் தொட வேண்டாம் என்றார். அதையும் ஆல் விட்டுவிட்டார். பாட்டெழுதியவருக்கு அதில் பங்கு உண்டு, பணத்திலும் மனத்திலும் என்பது அவர் கணக்கு.

1992-இல் நிர்வானா குழுவின் பாட்டு ஒன்றைப் பகடி செய்யலாமா என்று அதன் கர்ட் கோபேனிடம் தொலைபேசியில் கேட்டார். கோபேன் திருப்பிக் கேட்டது, சாப்பாட்டைப் பற்றியதா என்று. இல்லை, நீங்கள் பாடுவது யாருக்கும் புரியவில்லை என்பதைப் பற்றியது என்றார் ஆல். கோபேனுக்கு அது வேடிக்கையாக இருந்தது, சம்மதித்தார். மூல வீடியோ எடுத்த அதே தளத்தில், அதே துப்புரவாளர் வேடக்காரரை வைத்து வீடியோ எடுத்தார்கள். ஆலின் திரைப்படம் 1989-இல் தோற்று, அவர் கதை முடிந்தது என்று பலர் நினைத்திருந்த வேளையில் அந்தப் பாட்டுதான் அவரை மீண்டும் தூக்கி நிறுத்தியது.

ஒருமுறை இந்த அனுமதி விஷயம் பிசகியது. கூலியோவின் ‘கேங்ஸ்டாஸ் பாரடைஸ்’ பாட்டை, மின்சாரமும் காரும் இல்லாமல் வாழும் ஆமிஷ் மக்களைப் பற்றியதாக 1996-இல் மாற்றினார். கூலியோ சரி என்று சொன்னதாக இசைத்தட்டு நிறுவனத்தார் தெரிவித்தார்கள். கூலியோவோ தான் சொல்லவே இல்லை என்று கொதித்தார். ஆல் உளமார மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதன்பின் இடைத்தரகர் சொல்லை நம்பாமல் பாடகரிடமே நேரில் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். தன் கோபம் சரியில்லை என்று பல ஆண்டு கழித்து கூலியோவே வெளிப்படையாகச் சொன்னார்.

இதெல்லாம் மரியாதை என்ற அளவில் நின்றிருந்தால் அவர் ஒரு நல்ல மனிதர் என்று சொல்லி முடித்துவிடலாம். உண்மையில் அவரைப் பெரிய கலைஞராக்கியது இசை. அவர் குழு ஒரு பாட்டை எடுத்தால் எந்த டிரம்ஸ், எந்தக் கிதார் ஒலி, எங்கே எதிரொலி என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டு அச்சு அசலாகக் கட்டுகிறது. மூலப் பாட்டின் பதிவைத் திருடி ஒட்டுவதில்லை. போல்கா, ராப், ஹெவி மெட்டல், கிரஞ்ச் எல்லாவற்றையும் அதே நான்கைந்து பேர் வாசிக்கிறார்கள். ஒரு குழுவின் குறிப்பிட்ட பாட்டை எடுக்காமல், அவர்களுடைய பாணியில் முற்றிலும் புதிய மெட்டுப் போடும் பாட்டுகளும் ஆல்பத்துக்கு ஆல்பம் உண்டு. 1985-இல் வந்த ‘டேர் டு பி ஸ்டுபிட்’ டீவோ குழுவின் பாணியில் அமைந்தது. டீவோவின் மார்க் மதர்ஸ்பாவே அதைக் கேட்டு ஆடிப்போனதாகச் சொன்னார். தான் கேட்டதிலேயே அழகான ஒன்று என்று பாராட்டி, அதற்காகவே ஆல்மேல் வெறுப்பும் வருகிறது என்றார். ஒரு பாணியை உள்ளூர நேசிக்காதவரால் அதைப் படைத்தவரே பொறாமைப்படும்படி எழுத முடியாது.

தகப்பனார் நிக் இரண்டாம் உலகப் போரில் படை மருத்துவ உதவியாளராக இருந்தவர். மனத்துக்கு மகிழ்ச்சி தருவதையே பிழைப்பாக வைத்துக்கொள், அதுதான் வெற்றி என்று மகனிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். 2004 ஏப்ரலில் நிக்கும் மேரியும் தங்கள் வீட்டில் கார்பன் மோனாக்ஸைடு நச்சுக் காற்றால் இறந்தார்கள். செய்தி வந்தபோது ஆல் கச்சேரிப் பயணத்தில் இருந்தார். அன்றிரவும் மேடை ஏறினார். தங்கள் கஷ்ட காலத்தில் உன் பாட்டுதான் துணை என்று எத்தனையோ ரசிகர்கள் சொல்லியிருக்கிறார்கள், அது எனக்கும் உதவுமோ என்று பார்த்தேன் என்ற பொருளில் பிறகு விளக்கினார். சிரிப்புப் பாட்டை அவர் எவ்வளவு உண்மையாக நம்பினார் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

2006-இல் ‘ஒயிட் அண்ட் நெர்டி’ முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது. 2014-இல் ‘மேண்டேட்டரி ஃபன்’ ஆல்பம் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு நகைச்சுவை ஆல்பம் அந்த இடத்தைத் தொட்டு ஐம்பத்தோரு ஆண்டு ஆகியிருந்தது. 1963-இல் கடைசியாகத் தொட்டவர் ஆலன் ஷெர்மன். டாக்டர் டிமென்டோவின் நிகழ்ச்சியில் சிறுவன் ஆல் கேட்டு வளர்ந்த அதே ஷெர்மன்.

2018-இல் ஆல் ஒரு வித்தியாசமான பயணம் போனார். பருமனாகக் காட்டும் உடை, விக், திரையில் ஓடும் வீடியோக்கள் எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிட்டார். பெரிய ஹிட் பகடிகளையும் பெரும்பாலும் ஒதுக்கினார். சிறிய அரங்குகளில், தானும் குழுவும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொந்த மெட்டில் எழுதிய, பலருக்கும் தெரியாத பாட்டுகளையே பெரும்பாலும் வாசித்தார்கள். ஒவ்வொரு கச்சேரியின் இறுதிப் பகுதியிலும், அவர்களுக்குப் பிடித்த வேறொருவரின் பாட்டு ஒன்று. ஊருக்கு ஊர் வேறு வேறு பாட்டு, எதிலும் ஒரு சொல்கூட மாற்றாமல். அடுத்து அந்த வரியில் என்ன வேடிக்கை வரப்போகிறது என்று காத்திருந்த கூட்டத்துக்கு, பாட்டு பாட்டாகவே வந்து முடிந்தது.